கோலாலம்பூர் (கேஎல்) மஸ்ஜித் ஜாமெக் ரயில் ஸ்டேஷன்ல சால்வை குடுத்த அக்காவுக்கு

போன சனிக்கிழமை சாயந்திரம் ஏழு மணி இருக்கும், கெலானா ஜெயா லைன்ல இருந்து அம்பாங் லைனுக்கு மாற ஓடிக்கிட்டு இருந்தேன், தோழி கல்யாண டின்னருக்கு தோள்ல பட்டை இல்லாத ஸ்ட்ராப்லெஸ் டாப் போட்டிருந்தேன், கூட்டத்துல யாரோட பேக்கோ முதுகுப்பக்கம் மாட்டி இழுத்து ஜிப் பிரிஞ்சிருச்சு. ரெண்டு கையாலயும் நெஞ்சோட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு சுவத்தோரமா நின்னுட்டேன், அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

நீங்கதான்கா ஒரு வார்த்தை கேக்காம உங்க மெரூன் சால்வைய என் மேல போர்த்தி, டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போய், பர்ஸ்ல இருந்த நாலு ஊக்க வெளிய தெரியாம உள்பக்கமா குத்தி விட்டீங்க. "வேர்வை பட்டா, டாப் நழுவாம பிடிக்க உள்ள வெக்கிற சிலிகோன் பட்டை வழுக்கும்மா, ரெண்டு சைடுலயும் எலும்பு மாதிரி கம்பி வெச்சுத் தெச்சதா பாத்து வாங்கு"ன்னு சொன்னீங்க. உண்மைதான், என்னோடதுல கம்பி எதுவும் இல்ல, வெறும் எலாஸ்டிக் மட்டும்தான். இந்த கேஎல் புழுக்கத்துல அது எப்படி நிக்கும்?

ஏன் இப்படி உடுத்துனேன்னு நீங்க கேக்கவே இல்ல. அதுக்குத்தான் பெரிய நன்றிக்கா.

பேர் கேக்கறதுக்குள்ள ரயில் வந்துருச்சு. சால்வைய தொவச்சு மடிச்சு வெச்சிருக்கேன், இதப் பாத்தா சொல்லுங்க, கொண்டு வந்து தரேன்.