கூடையின் அடிப்பாகம் கடைசியில்தான்

ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் பழைய கிராமத் தொழில்கள் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேயோ கவுண்டியின் டர்லோ அருங்காட்சியகத்தில் கருவிகள் பத்திரமாக இருக்கின்றன, கவலையில்லை என்று அது முடிகிறது. எனக்குக் கவலை தீரவில்லை. பொருள் இருந்தால் கைவேலையும் இருக்கிறது என்று ஆகிவிடாதே! இங்கே குடியேறிய புதிதில், அடுப்பெரிக்க, சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளைச் சுமக்கும் கூடையை ஒரு பெரியவர் முடைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வளையக்கூடிய வில்லோ மரக் குச்சிகளை மண்ணில் நட்டு, தலைகீழாக, வாய்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பின்னிக்கொண்டே போனார். அப்புறம் குச்சிகளை உள்ளே மடக்கி, அடிப்பாகத்தைக் கடைசியில் முடைந்தார். பிடுங்கி நிமிர்த்தினால் கூடை! கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கூடையைப் பார்த்து இதை யார் கண்டுபிடிப்பார்கள்?

1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம், பள்ளிப் பிள்ளைகளைப் பெரியவர்களிடம் அனுப்பி, கேட்டதை எழுதிவரச் செய்தது. பழைய தொழில்களும் அதில் ஒரு தலைப்பு. சரி, இன்றைய பிள்ளைகள் கையில் கேமரா உள்ள போன் இருக்கிறது. கூடை முடைபவர், கூரை வேய்பவர், கல்சுவர் அடுக்குபவர் எஞ்சியிருக்கும்போதே அவர்களின் கைகளைப் படம்பிடிக்க, பள்ளிகள் அந்தப் பணியை மீண்டும் தொடங்க வேண்டும்.

– ஒரு வாசகர், காசில்பார், அயர்லாந்து