பொருளோடு நிறுத்திவிடாதீர்கள்: ஆங்கில மரபுத்தொடர் நூல்களை ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நூலாசிரியர்களுக்கும், பதிப்பாசிரியர்களுக்கும், தேர்வுத்தாள் அமைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிற பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். சென்ற மாதம் என் மாணவி ஒருவர் தன் மேலாளருக்கு இரங்கல் கடிதம் எழுதினார். மேலாளரின் தந்தை காலமாகியிருந்தார். 'டைட்' (died) என்று எழுதினால் மொட்டையாக இருக்குமே, கொஞ்சம் நல்ல ஆங்கிலமாக எழுதுவோம் என்று தன்னிடமிருந்த மரபுத்தொடர் நூலைப் புரட்டினார். 'கிக் தி பக்கெட்: இறந்துபோதல்' என்று அதில் இருந்தது. அதையே எழுதி அனுப்பிவிட்டார். "உங்கள் அப்பா மண்டையைப் போட்டதை அறிந்து மிகவும் வருந்துகிறேன்" என்று தமிழில் ஒரு கடிதம் வந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அது போய்ச் சேர்ந்தது.

மேலாளரிடமிருந்து பதில் இல்லை. நேரில் பார்த்தாலும் பேச்சு இல்லை. கூட வேலை செய்கிற ஒருவர் தனியே கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் விஷயமே இவருக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் வகுப்புக்கு அந்த நூலைக் கொண்டுவந்து, பக்கத்தைத் திறந்து, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "இதில் எங்கேயாவது அப்படிப் போட்டிருக்கிறதா, நீங்களே பாருங்கள் மேடம்." பார்த்தேன். பக்கத்தின் இடப்புறம் தொடர், வலப்புறம் பொருள். அதே பக்கத்தில் சற்றுக் கீழே 'பாஸ் அவே' இருந்தது. அதற்கும் 'இறந்துபோதல்' என்றுதான் போட்டிருந்தது. ஒன்று துக்க வீட்டில் சொல்லக்கூடியது, இன்னொன்று அங்கே சொல்லவே கூடாதது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் காட்ட அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அவர் படிக்காமல் இருந்து இது நடக்கவில்லை. நீங்கள் கொடுத்ததை அக்கறையாகப் படித்ததால் நடந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில், இதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று ஒரு வரி சேருங்கள். 'நண்பர்களுக்குள் விளையாட்டாக மட்டும்.' 'எழுத்தில் வேண்டாம்.' 'இப்போது யாரும் அதிகம் சொல்வதில்லை.' இவ்வளவு போதும்.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை. 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் இதே 'கிக் தி பக்கெட்'டைத் தன் அகராதியில் சேர்த்தார். கொச்சைச் சொற்களுக்கென்றே அவர் தொகுத்த அகராதி அது. தலைப்பிலேயே அப்படித்தான் இருந்தது. திறந்து பார்த்த யாருக்கும் இது எந்த வகைச் சொல் என்பதில் சந்தேகம் வந்திருக்காது. 240 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் கொடுத்த எச்சரிக்கை, இன்று பயில்வோருக்கென்றே அச்சிடப்படுகிற நூலில் இல்லை. இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அடுத்தது மழை. எந்த நூலைத் திறந்தாலும் முதலில் வந்து நிற்பது 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. செயலிகளில் குடைமேல் நாயும் பூனையும் விழுகிற படம் வேறு. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738-இல் ஒரு நூல் வெளியிட்டார். மேல்தட்டு மக்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன தொடர்களையெல்லாம் பொறுக்கி, உரையாடலாகக் கோத்து, அவர்களைக் கேலி செய்வதற்காகவே எழுதியது. அதில் இந்தத் தொடரும் இருக்கிறது. அன்றைக்கே சலித்துப்போன ஒன்றைத்தான் இன்று முதல் பாடமாக வைக்கிறீர்கள். கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் இப்படி வந்தது என்று கதையும் சேர்க்கிறீர்கள். அது 1999-இல் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதை. தொடரின் உண்மையான மூலம் உறுதியாகத் தெரியவில்லை என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கனமழை பெய்யும்போது ஆங்கிலம் பேசுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்வது 'இட்ஸ் போரிங்' (It's pouring) என்றுதான். ஊற்றுகிறது என்று நாம் சொல்கிற அதே பொருள். அந்தச் சின்ன, உயிரோடு இருக்கிற தொடரை உங்கள் பட்டியல்களில் நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எது புழக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்றும் சொல்ல முடியாது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் ஒரு குழு, மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் பெருமளவு திரட்டி, அதை வைத்தே 1987-இல் கோபில்ட் அகராதியைக் கொண்டுவந்தது. 1995-இல் அந்த வரிசையில் மரபுத்தொடர்களுக்கென்று தனி அகராதி வந்தது. எந்தத் தொடர் அதிகம் வழங்குகிறது என்று குறி போட்டே அதில் கொடுத்தார்கள். படம் போடத் தோதான வண்ணத் தொடர்கள் பலவும் நிஜப் பேச்சிலும் எழுத்திலும் அபூர்வமாகத்தான் வருகின்றன என்பது இப்படிப்பட்ட தொகுப்புகளிலிருந்து தெளிவாகிவிட்டது. பயில்வோருக்கான நல்ல அகராதிகள் 'பேச்சு வழக்கு', 'பழைய வழக்கு' என்று இன்றும் குறிப்பிடத்தான் செய்கின்றன. அந்தக் குறிப்பை எடுத்து உங்கள் பட்டியலில் போட என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் விட்டுவிடுகிற அன்றாடத் தொடர்கள்தான் என் மாணவர்களைத் தினமும் தடுக்கி விழவைக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல்மேல் கை வைத்துக்கொண்டு, 'டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன் திஸ்?' என்று கேட்கிறார். நம்மவர் முகம் மலர 'யெஸ், யெஸ்' என்கிறார். தாராளமாகத் திறந்துகொள்ளுங்கள் என்பது அவர் எண்ணம். கேட்டவரோ கையை எடுத்துக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். கேள்வி 'உங்களுக்கு ஆட்சேபம் உண்டா' என்பது. 'யெஸ்' என்றால் உண்டு என்றாகிவிடுகிறது. 'நோ, நாட் அட் ஆல்' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நல்ல மனிதர்கள், இரண்டு பேருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் ஒருவர் மனதில் மற்றவர் சிடுமூஞ்சி ஆகிவிட்டார். பூனை நாய்க்குக் கொடுத்த இடத்தில் பாதி இதற்குக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று தொடங்கி வேலை இல்லை என்று வருகிற கடிதத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டவர்களும் என் வகுப்பில் உண்டு. அங்கே அது 'மன்னிக்கவும், சொல்ல வருத்தமாக இருக்கிறது' என்கிற முன்னுரை. 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால் அடுத்து வரப்போவது மறுப்பு. அப்புறம் 'புட் அப்', 'புட் அப் வித்', 'புட் ஆஃப்', 'புட் அவுட்' என்று ஒட்டுச்சொல் மாற மாற வேறு வேறு பொருள் எடுக்கிற வினைகள். இவை எதற்கும் படம் போட முடியாது என்பது உண்மைதான். அதற்காக விட்டுவிடலாமா?

நாடு மாறினால் பொருளே தலைகீழாகிற தொடர்களும் இருக்கின்றன. ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் அதை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் அதைத் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் காரசாரமாக வாதாடி, கடைசியில் இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றுதான் என்று கண்டுகொண்டதை சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இந்த நிலை. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பிரிட்டன், அமெரிக்கா என்று ஒரே ஒரு குறிப்பு போதுமே.

தமிழில் பொருள் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'குரோக்கடைல் டியர்ஸ்' என்றால் முதலைக் கண்ணீர், அதில் யாருக்கும் சிக்கல் இல்லை. 'புல் சம்ஒன்ஸ் லெக்' அப்படி இல்லை. காலை வாருவது நமக்குத் துரோகம்; ஆங்கிலத்தில் காலை இழுப்பது சும்மா விளையாட்டுக்கு ஏமாற்றுவது. ஒரே மாதிரி தெரிந்து வேறாக இருப்பவற்றைத்தான் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது வேறு ஓர் இடத்தில். "'ஐ ஆம் ஃபைன்' என்று சொல்லாதீர்கள், ஆங்கிலேயர் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்" என்று காணொளிக்குக் காணொளி மிரட்டுகிறார்கள். பொய். சொல்கிறார்கள், தாராளமாகச் சொல்கிறார்கள். 'இட்ஸ் ரெயினிங் ஹெவிலி' என்பது குறையில்லாத ஆங்கிலம். 'ஐ ஆம் வெரி டயர்ட்' என்பதும் அப்படியே. எளிமையாக, சரியாகப் பேசுகிற ஒருவரைப் பிடித்து, உன் ஆங்கிலம் போதாது, இந்த நூறு தொடரையும் மனப்பாடம் செய் என்று சொல்வது, இருக்கிற தைரியத்தையும் பிடுங்குகிற வேலை. அந்த மாணவி 'ஐ ஆம் வெரி சாரி அபவுட் யுவர் ஃபாதர்' என்று எழுதியிருந்தால் யாருக்கும் மனம் நொந்திருக்காது. அது தனக்குத் தெரிந்திருந்தும், அதை எழுதக் கூச்சமாக இருந்தது என்றார். அந்தக் கூச்சம் அவருக்குத் தானாக வரவில்லை.

சொல்ல வந்ததை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுத்தாள் அமைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 'ஆஸ் பிஸி ஆஸ் எ ___' என்று கோடிட்ட இடத்தைக் கொடுத்து 'பீ' (bee, தேனீ) என்று நிரப்பச் சொல்வதால் யாருக்குப் பேச வரும்? ஒரு சூழலைக் கொடுங்கள். நண்பரின் தாயார் இறந்துவிட்டார், இந்த நான்கில் எதை எழுதுவீர்கள் என்று கேளுங்கள். தேர்வில் கேட்டால் நூலில் தானாக வரும், வகுப்பிலும் நடத்துவார்கள்.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். தொடரையும் பொருளையும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். யார், யாரிடம், எப்போது என்கிற அந்த ஒரு வரியைச் சேருங்கள். இடம் போதாது என்றால் தொடர்களைப் பாதியாகக் குறையுங்கள், மீதியாவது பயன்படும். செயலிகளில் இதைச் செய்ய மறுபதிப்புக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. என் மாணவர்கள் தங்கள் நூல்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளைத் தொகுத்து வைத்திருக்கிறேன். வேண்டும் என்று சொன்னால் அனுப்பிவைக்கிறேன், தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் 'கிக் தி பக்கெட்' இருக்கிற பக்கத்தையாவது தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை