அப்பாவைத் தேடி வந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள சார்ஜன்ட் ஐயா, டீச்சர், நர்ஸ் அக்கா, இளைஞர் கழகத் தம்பிமார், முச்சக்கரவண்டி அண்ணன் எல்லோருக்கும்,

வணக்கம். நேரில் நன்றி சொன்னால் "அதெல்லாம் எதுக்கு மகள்" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து இராணுவத்துக்குப் போன தமிழர்கள் கொஞ்சப் பேர்தான். அப்பா அதில் ஒருவர். வடக்கில் மிதிவெடியில் சிக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து வீடு வந்தார். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது டவுனில் பட்டாசு கொளுத்தினார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் அப்பாவிடம் வாய் திறக்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு அவர் ஆமிக்காரர். டவுனில் தமிழ்ப் பெயரைச் சொன்னால் வேறொரு பார்வை. பல வருஷம் வாசலைத் தாண்டாமலே இருந்தார்.

சார்ஜன்ட் ஐயா முதன்முதலாக வந்து உட்கார்ந்ததும் செயற்கைக் காலின் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டது, "சொக்கட் லூசா, இறுக்கமா?" என்றுதான். அப்பா அன்றைக்குத்தான் ஒரு வெளியாளிடம் காலைக் கழற்றிக் காட்டினார்.

செயற்கைக் கால் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டிய இடத்தில் தசை வருஷம் போகப் போக மெலியும். கால் நுழைகிற கிண்ணம் தொளதொளத்துவிடும். தோல் உராய்ந்து புண்ணாகும். எங்கள் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் அந்தப் புண் லேசில் ஆறாது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் வேறு. கண்ணாடியைக் கீழே பிடித்து அடிப்பக்கத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நர்ஸ் அக்காதான். அம்மா இன்றைக்கும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கொழுந்துக்குப் போகிறார்.

கிண்ணம் மாற்ற ராகமவில் உள்ள ரணவிரு செவன என்கிற படைவீரர் புனர்வாழ்வு நிலையத்துக்குப் போக வேண்டும். இரவுத் தபால் ரயிலில் அப்பாவோடு மாறி மாறிப் போனீர்கள். ரயில் பெட்டியின் படி எவ்வளவு உயரம் என்பது ஒற்றைக்காலோடு ஏறுகிறவருக்கும், அவரைப் பின்னாலிருந்து தாங்குகிறவருக்கும்தான் தெரியும்.

லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற படிகளும் அப்படித்தான் இருந்தன. தம்பிமார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, உயரமான படிகளுக்கு நடுவே சீமெந்தில் இன்னொரு படி கட்டி, ஓரத்தில் இரும்புக் குழாய் பொருத்தினார்கள். இப்போது வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் அந்தக் குழாயைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். தோட்ட நிர்வாகம் எத்தனையோ காலமாகச் செய்யாத வேலை, போகிறபோக்கில் நடந்துவிட்டது!

டீச்சரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அப்பா கோபிப்பார். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. வீட்டுக்கு வரும் கடிதங்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அப்பா முகாமில் பழகிய சிங்களத்தைச் சரளமாகப் பேசுவார், ஆனால் அலுவலகச் சிங்களம் வேறு ரகம். டீச்சர் ஒவ்வொன்றாக வாசித்து, பதில் எழுதி, ஓர் அலுவலகத்தில் காணாமல்போன ஃபைலைத் தேட வைக்கும் வரை விடவில்லை. படைவீரர் குடும்பங்களைக் கவனிக்க 1999இல் சட்டம் போட்டு ரணவிரு சேவா அதிகாரசபை அமைத்தார்கள் என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

2022இல் பெட்ரோல் வரிசை ரோட்டு வளைவைத் தாண்டி நின்ற நாட்களில், கிளினிக் நாளுக்கென்று கொஞ்சம் எண்ணெய் மிச்சம் வைத்த முச்சக்கரவண்டி அண்ணன், உங்களுக்கும்.

ஒரு நவம்பரில் சார்ஜன்ட் ஐயா அப்பாவைக் கண்டி யுத்த மயானத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கல்லறைகள், மொத்தம் 203. பிரித்தானியர், இந்தியர், இலங்கையர், கிழக்கு ஆப்பிரிக்கர் எல்லோரும் ஒரே புல்வெளியில் கிடக்கிறார்கள். அப்பா ஆப்பிரிக்க வீரர்களின் கல்லறைகள் பக்கம் வெகுநேரம் நின்றாராம். அன்றிரவுதான் வெடித்த நாளைப் பற்றி முதல்முறையாக அம்மாவிடம் பேசினார். என்ன பேசினார் என்பது அவர்களோடு இருக்கட்டும்.

இன்னொன்றையும் நான் கவனித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வரும் நாளில், யுத்தத்தில் மகனைத் தொலைத்த கீழ் லயத்துப் பாட்டியையும் பார்த்துவிட்டுத்தான் போவீர்கள். அந்த மகன் எப்படிப் போனான், எந்தப் பக்கம் நின்றான் என்று நீங்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்போது பாட்டிக்கு மருந்து வாங்கி வருவது அப்பாவின் வேலை. தானே போய் வருகிறார்.

அப்புறம், அப்பாவின் பழைய ஊன்றுகோல்கள் இரண்டும் சும்மா கிடக்கின்றன. அடி ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கிறது, மற்றபடி நல்லாத்தான் இருக்கின்றன. யாருக்காவது தேவையென்றால் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். ரப்பர் மாற்றித் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து
ஒரு முன்னாள் படைவீரரின் மகள்