கிட்டி வெல்ஸைக் கேட்டுப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாஷ்வில்லில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கிடார் சத்தம், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொண்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "அம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய்.

கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசையில் பேர்பெற்ற பாடகி கிட்டி வெல்ஸ், நீ இருக்கும் ஊரிலேயே 1919-இல் பிறந்தவர். இயற்பெயர் எல்லன் மியூரியல் டீசன். பதினெட்டு வயதில் ஜானி ரைட்டைக் கட்டிக்கொண்டார். அவர் ஜாக் ஆங்லினோடு ஜோடி சேர்ந்து பாடியவர். இவரும் கூடவே போய் நடுவில் ஒன்றிரண்டு பாட்டு பாடுவார். கிட்டி வெல்ஸ் என்ற பெயரே ஒரு பழைய பாட்டிலிருந்து கணவர் எடுத்து வைத்ததுதான். 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் இசைத்தட்டுக் கம்பெனியில் சில பாட்டுகள் பதிவாயின, விற்கவில்லை. பெண் பாடினால் கன்ட்ரி இசைத்தட்டு விலைபோகாது என்று கம்பெனிக்காரர்கள் நம்பிய காலம் அது. 1952-இல் அவருக்கு வயது 32, மூன்று பிள்ளைகள். பாட்டை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

ஹாங்கி-டாங்க் என்பது சாலையோரத்துச் சாராயக் கடை. உள்ளே குடிக்கிற, ஆடுகிற இரைச்சல், மூலையில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ். அந்த இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்றுதான் அங்கே பாடுகிற பாட்டுக்குள் எலெக்ட்ரிக் கிடாரும் எலெக்ட்ரிக் ஸ்டீல் கிடாரும் வந்தன. பாட்டிலும் குடி, துரோகம், விவாகரத்து. அந்த வருடம் பாடகர் ஹாங்க் தாம்ப்சனின் 'த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' கன்ட்ரி பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. தன்னை விட்டுவிட்டு மதுக்கடை வெளிச்சத்தைத் தேடிப் போய்விட்டாள் என்று ஒரு ஆண் புலம்புகிற பாட்டு. பழி முழுக்க அவள்மேல்.

இதற்கு ஜே.டி. மில்லர் ஒரு எசப்பாட்டு எழுதினார்: 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்'. அப்படிப்பட்ட பெண்களைக் கடவுள் படைக்கவில்லை, கல்யாணமான பிறகும் பிரம்மச்சாரி போலத் திரிகிற ஆண்களால் வந்த வினை என்கிறது. மெட்டுகூட அந்தப் புலம்பல் பாட்டின் மெட்டுதான். அது கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழு அதற்கு முன்பே பாடிய பழைய மெட்டு. மே 3-ஆம் தேதி நாஷ்வில்லின் காசில் ஸ்டூடியோவில் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனிக்காகக் கிட்டி பாடப் பதிவு செய்தார்கள். பெரிய கனவோடு ஒன்றும் அவர் போகவில்லை. பதிவுக்கு இசைக் கலைஞர் சங்கம் வைத்திருந்த கூலி 125 டாலர், அது கிடைக்குமே என்று போனார்.

ஆகஸ்டில் பாட்டு பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம், ஆறு வாரம். தனியாகப் பாடிய ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. என்.பி.சி. வானொலி ஒலிபரப்ப மாட்டேன் என்றது. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி மேடை, வானொலி நிகழ்ச்சியிலும் முதலில் பாட விடவில்லை. அவன் திட்டினால் பாட்டு, அவள் பதில் சொன்னால் அசிங்கம்! உன் பாட்டி இருந்திருந்தால் இதற்கு ஒரு பழமொழி சொல்லியிருப்பாள், எழுதக்கூடியதாக இருக்காது.

இவ்வளவு சூடான வரிகளை அவர் எப்படிப் பாடுகிறார் என்று கவனி. குரலை உயர்த்துவதே இல்லை. கட்டம் போட்ட கவுனில் அசையாமல் நின்று, லேசாக மூக்கால் இழுத்து, நடந்ததைச் சொல்கிற மாதிரி பாடுகிறார். கோபம் எல்லாம் கேட்பவருக்குத்தான் வரும்.

அப்புறம் வரிசையாக ஹிட். 1953-இல் பாடகர் வெப் பியர்ஸின் பாட்டுக்கு இன்னொரு எசப்பாட்டு. 1954-இல் பாடகர் ரெட் ஃபோலியோடு சேர்ந்து 'ஒன் பை ஒன்', அதுவும் முதலிடம். 1955-இல் வந்த 'மேக்கிங் பிலீவ்' இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆனால் என்னைக் கேட்டால் அவர் பாடியதில் அதுதான் உசத்தி. போனவன் வரமாட்டான் என்று தெரிந்தும் வருவான் என்று பாவனை செய்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் பாட்டு.

அதை முதலில் கேள். ஹாங்கி-டாங்க் ஏஞ்சல்ஸைக் கேட்பதற்கு முன்னால் தாம்ப்சன் பாட்டைக் கேட்டுவிடு, இல்லாவிட்டால் பாதி சுவை போய்விடும். ரைமன் அரங்கம் உன் ஆபீஸுக்குப் பக்கம்தானே, அந்தக் காலத்தில் ஆப்ரி நடந்த இடம் அதுதான். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. எசப்பாட்டைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா