லோதிகா சர்க்கார் அம்மாவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய லோதிகா அம்மா,

தென்மாவட்டச் சட்டக் கல்லூரி ஒன்றில் குற்றவியல் சட்டம் நடத்துகிறவள் எழுதுகிறேன். நீங்கள் என்னை அறிய வாய்ப்பில்லை. உங்களைப் பார்த்ததும் இல்லை, உங்கள் வகுப்பில் உட்கார்ந்ததும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும், காவலில் நடக்கும் வன்புணர்வு வழக்குகளில் சம்மதம் பற்றிப் பேசும் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவுக்கு வரும்போது உங்களைப் பற்றிப் பேசாமல் என்னால் பாடத்தை நகர்த்த முடிவதில்லை. இப்போது அதே பிரிவு புதிய சட்டத்தில் 120 என்று எண் மாறி உட்கார்ந்திருக்கிறது. பையன்களும் பெண்களும் எண்ணை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "பார்லிமெண்ட் கொண்டு வந்தது மேடம்" என்கிறார்கள். தப்பில்லை. பார்லிமெண்டுக்கு முன்னால் நான்கு வாத்தியார்கள் இருந்தார்கள் என்பது எந்த கைடு புத்தகத்திலும் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நால்வரில் நீங்கள் ஒருவர். காவல் நிலையத்தில் ஒரு பெண் வன்புணர்வு செய்யப்பட்ட வழக்கின் தீர்ப்புதான் உங்களைக் கடிதம் எழுத வைத்தது. அந்த வழக்கை நாடு முழுவதும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறது. நான் இங்கே அவள் பெயரை எழுதப் போவதில்லை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 1983இல் சட்டம் வந்ததற்கே அவள் வழக்கு ஒரு காரணம். சட்டம் வருவதற்குள் அவள் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது.

வகுப்பில் தீர்ப்பின் நகலை, பெயர்களை மறைத்து, முதலில் கையில் கொடுத்துவிடுவேன். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டம், தேசாய்கஞ்ச் காவல் நிலையம், 1972 மார்ச் 26 இரவு. பதினாறு வயதைத் தாண்டாத பழங்குடிப் பெண், தாய் தகப்பன் இல்லாதவள், அண்ணனோடு கூலி வேலை. அவளைக் கடத்திவிட்டார்கள் என்று மூன்று பேர் மேல் அண்ணன் புகார் கொடுக்கிறான். எல்லோரையும் ஸ்டேஷனுக்கு அழைத்து வாக்குமூலம் வாங்குகிறார்கள். இரவு பத்தரை மணி வாக்கில் எல்லோரும் கிளம்பும்போது, அந்தப் பெண்ணை மட்டும் இருக்கச் சொல்லி மற்றவர்களை வெளியே அனுப்புகிறார் ஒரு காவலர். விளக்கு அணைகிறது, கதவு சாத்தப்படுகிறது. வெளியே நிற்பவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஜனம் கூடுகிறது.

இதைப் படித்துவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னால், பாதி வகுப்பு காவலர்களை விடுதலை செய்துவிடும். "காயம் இல்லையே மேடம்." "கத்தலையே மேடம்." இருபது வயதுப் பிள்ளைகள், பெண்களும் உட்பட. உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது என்று தெரிந்ததும் சிலருக்கு ஒரு நிம்மதி வருகிறது, பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

அமர்வு நீதிமன்றம் 1974இல் விடுவித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 1976இல் அதை மாற்றி, பயத்தில் உடலை விட்டுக்கொடுப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லித் தண்டித்தது. 1978 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காயமில்லை, கூச்சல் போட்டதாகச் சொல்வது கட்டுக்கதை, அமைதியாக நடந்த விஷயம் என்றது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கோஷல். உடன் அமர்ந்தவர்களில் ஒருவர் எங்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி பி. எஸ். கைலாசம். எங்கள் ஊர்க்காரர் பெயர் அந்தத் தீர்ப்பில் இருப்பதை மாணவர்களிடம் மறைப்பதில்லை.

அதற்குச் சரியாக ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1979 செப்டம்பர் 16 தேதியிட்டு, தலைமை நீதிபதி சந்திரசூட்டுக்குப் போனது உங்கள் கடிதம். உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார், நீங்கள். நால்வரும் சட்டம் கற்பித்தவர்கள். அன்றைய நிலையை யோசித்துப் பார்க்கிறேன். இந்தியப் பெண்களில் கேம்பிரிட்ஜில் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் ஆள் நீங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1953இல் சட்டம் கற்பிக்கச் சேர்ந்த முதல் பெண்ணும் நீங்களே. வயது ஐம்பத்தாறு. கௌரவமாக ஓய்வு பெறுகிற வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று ஒரு கத்தி வேறு தலைக்கு மேலே.

கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், பலரும் மேற்கோள் காட்டுகிற அந்த உருக்கமான பகுதி அல்ல. நீங்கள் நால்வரும் தீர்ப்பைத் தீர்ப்பாகவே படித்திருக்கிறீர்கள். சம்மதம் இருந்தால் அதில் பணிந்துபோதல் இருக்கும், ஆனால் பணிந்துபோனதாலேயே சம்மதம் இருந்ததாகாது என்று ஒரு குற்றவியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதுபோல எழுதியிருக்கிறீர்கள். பெண்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்து விசாரிப்பது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 160ஆம் பிரிவுக்கு விரோதம் என்று நந்தினி சத்பதி வழக்கில் அதே நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் சொல்லியிருந்தது. ஐந்தே மாதம் கழித்து வந்த இந்தத் தீர்ப்பு, அந்தப் பெண்ணை ராத்திரியில் ஸ்டேஷனில் ஏன் வைத்திருந்தார்கள் என்று ஒரு வரி கண்டிக்கவில்லை. இதைச் சுட்டிக் காட்டியதுதான் அந்தக் கடிதத்தின் பலம் என்பேன். கோபம் எல்லோருக்கும் வரும். உங்கள் கோபத்துக்குப் பிரிவு எண்ணும் பக்க எண்ணும் இருந்தன.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. சீராய்வு மனு தள்ளுபடியானது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்லாமல் உங்கள் கடிதத்தை வெற்றிக் கதையாக்குகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கடிதம் கைமாறிக் கைமாறிப் போனது. பம்பாயில் பெண்கள் இதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 1980 மார்ச் 8இல் பல நகரங்களில் ஊர்வலம். சட்ட ஆணையம் அதே ஆண்டு தன் 84ஆவது அறிக்கையைக் கொடுத்தது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண், உறவு நடந்தது நிரூபணமாகி, 'என் சம்மதம் இல்லை' என்று சொன்னால், நீதிமன்றம் சம்மதம் இல்லை என்றே அனுமானிக்க வேண்டும். அதுதான் எங்கள் 114ஏ.

அந்தப் பிரிவு ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்னும் சில வகைகளுக்கும்தான். மற்ற பெண்களெல்லாம் பழைய கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய நடத்தை சரியில்லை என்று காட்டலாம் என்ற 155(4) உட்பிரிவை நீக்க 2002 வரை ஆனது. அந்தப் பெண்ணின் வழக்கில் மருத்துவர் செய்த, உறவுக்குப் பழகியவளா என்று பார்க்கும் அந்த இரண்டு விரல் பரிசோதனையை இனிச் செய்தால் தவறான நடத்தையாகக் கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில்தான் கறாராகச் சொன்னது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்ற வரி நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாக வந்தது 2013 ஏப்ரலில். நீங்கள் பிப்ரவரி 23 அன்றே போய்விட்டீர்கள்.

எங்கள் பக்கத்திலும் அந்தச் சட்டத்துக்கு வேலை இருந்தது. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். தீர்ப்பு வர 2011 ஆனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போனார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் எப்படி நின்றிருப்பார்கள், எத்தனை முறை ஒரே கதையைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால், சட்டத்தில் ஒரு பிரிவு சேருவது எவ்வளவு சின்ன விஷயம் என்று தோன்றும். எவ்வளவு பெரிய விஷயம் என்றும் தோன்றும்.

உங்களுடைய இன்னொரு கடிதத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆக்ராவில் பெண்களுக்கான பாதுகாப்பு இல்லம் எவ்வளவு கேவலமாக இருந்தது என்று பேப்பரில் படித்துவிட்டு, நீங்களும் பக்ஷியும் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினீர்கள். நீதிமன்றம் அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டு, மாவட்ட நீதிபதியை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. பொதுநல வழக்கு என்று இன்று யார் யாரோ விளம்பரத்துக்குப் போடுகிறார்கள். ஆரம்பத்தில் அது தபால்தலை ஒட்டிய காகிதமாக இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

1974 அறிக்கையைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். அதற்கே தனிக் கடிதம் வேண்டும். பெண்கள் நிலை குறித்த குழுவில் நீங்களும் இருந்தீர்கள். ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972 பெண்கள், 1971இல் 930 என்று அந்த அறிக்கை எடுத்துக் காட்டியபோது அரசாங்கமே திடுக்கிட்டது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டாம் என்று குழுவின் பெரும்பான்மை சொன்னது. வேண்டும் என்று நீங்களும் வீணா மஜும்தாரும் மாறுபட்டுக் குறிப்பு எழுதினீர்கள். 2023இல் 106ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. அதிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியணும், தொகுதி மறுவரையறை ஆகணும் என்று ஒரு கொக்கி. பஞ்சாயத்துத் தேர்தலில் பெண்கள் ஜெயித்து, வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காருகிற கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படியும் உங்கள் குறிப்புதான் சரி என்பேன்.

உங்கள் வீட்டுக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். உங்கள் கணவர், பத்திரிகையாளர் சஞ்சல் சர்க்கார் 2005இல் காலமான பிறகு, ஹௌஸ் காஸில் இருந்த உங்கள் வீடு நீங்கள் நம்பிய குடும்பம் ஒன்றின் பெயருக்குத் தானப் பத்திரத்தில் மாறிப் போயிருந்தது. நாட்டுக்கே சட்டம் சொல்லித் தந்தவர், வயதான காலத்தில் சொந்த வீட்டுக்கு வெளியே. நண்பர்களும் பழைய மாணவர்களும் விடாமல் போராடி வீட்டை மீட்டார்கள்.

இதைக் கேட்டதும், "இவ்வளவு படிச்சவங்களே ஏமாந்துட்டாங்களா" என்றான் ஒரு மாணவன். அந்தக் கேள்விக்காகவே நான் இதைச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. கையெழுத்து இருக்கிறது, ஆகையால் சம்மதம் இருந்தது என்று பதிவு அலுவலகம் சொல்லும். முதுமை, நம்பிக்கை, தனிமை, இவற்றுக்கு நடுவே போட்ட கையெழுத்து அது. எங்கள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாரா வாரம் செட்டில்மெண்ட் பத்திரத்தோடு வந்து நிற்கும் தாத்தா பாட்டிகளைப் போய்ப் பார்க்கச் சொல்லி வகுப்பை அனுப்புகிறேன். எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பக் கேட்க வழி தரும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு அங்கே புரிவதுபோல வகுப்பறையில் புரியாது. 1979இல் நீங்கள் எழுதிய பாடம்தான் அது, வேறு அறையில்.

பருவத் தேர்வுக்கு முன்னால் ஒரு பயிற்சி கொடுப்பேன். பிடிக்காத தீர்ப்பு ஒன்றை எடுத்து, அதை எழுதிய நீதிமன்றத்துக்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுத வேண்டும். பிரிவு எண் இல்லாமல் கோபம் இருந்தால் மதிப்பெண் கிடையாது. இந்த ஆண்டு ஒருத்தி, மகளிர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கம் எழுதிவிட்டாள். 'மாண்பமை' என்று தொடங்கி ஆறாவது வரியிலேயே நீதிபதியைப் பிடித்து உலுக்குகிறாள். மரியாதை குறையாமல் எப்படிக் கேட்பது என்று பார்த்துவிட்டு வா என்று உங்கள் கடிதத்தின் நகலைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் வந்து நகலை மேஜையில் வைத்துவிட்டு, "இவங்களும் திட்டித்தானே மேடம் எழுதியிருக்காங்க" என்கிறாள்.

அவளுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வகுப்புக்கு வர முடியாமல் போன ஒரு மாணவி