கயலுக்கு, நாய்க்குட்டி விஷயமாக

அன்புள்ள கயல்,

நாய்க்குட்டியை யாருக்காவது கொடுத்துவிடும்படி உன் மாமியார் சொல்வதாக அம்மா சொன்னாள். நாய்க்கு வருகிற பார்வோ பேரனுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் பயமாம். கொடுக்க வேண்டியதில்லை. பார்வோவும் டிஸ்டெம்பரும் நாயைக் கொல்கிற வைரஸ்கள், மனுஷருக்கு வராது. பூனைக்கு வரும் லுக்கீமியா வைரஸும் அப்படித்தான். எலிக்காய்ச்சல் நாய் மூலமாகவும் வரலாம், ஆனால் அது பாக்டீரியா, மருந்துக்குக் கேட்கும். நம் பக்கத்தில் நாய், பூனையிடமிருந்து வந்து ஆளையே கொண்டுபோகிற வைரஸ் வெறிநோய், அதாவது ரேபிஸ், ஒன்றுதான். பயப்படுவதானால் அதற்குப் பயப்படு. நோய்க்குறி தெரிந்துவிட்டால் வைத்தியம் கிடையாது. அதற்கு முன்னால் கிடைக்கிற நாட்களில்தான் பிழைப்பு இருக்கிறது.

முதலில் குட்டியின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார். ஆறு, எட்டு வாரத்தில் போடுகிற ஊசி பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும். பல பேர் அதையே வெறிநாய் ஊசி என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நிம்மதியாக இருக்கிறார்கள். ரேபிஸ் ஊசிக்குத் தனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதிலேயே இருக்கும். குட்டிக்கு 12 வாரம் ஆனதும் போட வேண்டும். அதற்கு முன் போட்டால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசியை அடித்துவிடலாம். பிறகு ஒரு வருஷத்தில் ஒன்று, அப்புறம் வருஷா வருஷம். பூனைக்கும் இதே கணக்குத்தான். பூனையை யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை என்பது வேறு விஷயம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் தெரு நாய்கள் நிறைய. பேரனைக் கடித்தாலோ பிறாண்டினாலோ முதல் வேலை குழாயடிதான், ஆஸ்பத்திரி அதற்கப்புறம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம், கடிகாரம் பார்த்துக் கழுவு. இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்தால் வைரஸ் செத்துப்போகும். குளிக்கிற சோப்போ துணிச் சோப்போ எதுவானாலும் சரி. வாய்க்காலில் காலை முக்கி எடுப்பது கழுவினதாகாது. போர் செட்டிலோ அடிபம்பிலோ காட்டு. பிறகு பீட்டாடின் ஊற்று. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. புண்ணை எரித்து வைரஸை நரம்புப் பக்கம் தள்ளுகிற வேலைதான் நடக்கும். இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். தையல் போடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் புண்ணுக்குள் சீரம் (வைரஸைப் பிடித்து வைக்கிற மருந்து, கீழே சொல்கிறேன்) போட்டாயிற்றா என்று கேள்.

தோலில் புண் ஏதுமில்லாமல் நக்கினால் கழுவினால் போதும். ரத்தம் வராத பிறாண்டல் என்றால் தடுப்பூசி. ரத்தம் வந்தாலோ, இருக்கிற புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டாலோ தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். இந்தச் சீரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தடுப்பூசி போட்டு உடம்பு எதிர்ப்புச் சக்தி உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை புண்ணில் இருக்கிற வைரஸைப் பிடித்து வைப்பது சீரம். கிலோவுக்குக் குதிரைச் சீரம் 40 யூனிட், மனிதச் சீரம் 20 யூனிட். பேரன் 12 கிலோ இருந்தால் 480 அல்லது 240. அதைப் புண்ணுக்குள்ளும் புண்ணைச் சுற்றியும் இறக்க வேண்டும். நாலைந்து இடத்தில் கடி இருந்து மருந்து போதாவிட்டால் சலைன் கலந்து பெருக்கிக்கொள்வார்கள். ஒரு புண்ணும் விடுபடக் கூடாது. தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். சீரம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேள். இல்லையென்றால் முதல் ஊசியை அங்கே போட்டுக்கொண்டு நேரே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடு. முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் சீரம் போட்டாக வேண்டும்; அதற்கப்புறம் பிரயோஜனமில்லை.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் போடுவார்கள், கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு எழும்பும். 0, 3, 7, 28-ஆம் நாள் என்று நாலு முறை. தனியாரிடம் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. சின்னப் பிள்ளைக்குத் தொடையின் முன்பக்கத்தில் போடுவார்கள். பிட்டத்தில் போட விடாதே, அங்கே கொழுப்பில் மருந்து சரியாக வேலை செய்யாது. பூஜ்ய நாள் என்பது ஊசி ஆரம்பிக்கிற நாள். கடித்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது என்றாலும் ‘இனி எதற்கு’ என்று விட்டுவிடக் கூடாது, அன்றைக்கே ஆரம்பி.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள், அது தப்பு. நாயோ பூனையோ பத்து நாள் பார்வையில் இருக்க வேண்டும். எச்சிலில் வைரஸ் வந்துவிட்ட நாய் அந்தப் பத்து நாளைத் தாண்டாது. பதினோராம் நாள் நன்றாகத் தின்று திரிந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம்; மீதி ஊசி வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். அதற்காகப் பத்து நாள் காத்திருந்து ஊசி ஆரம்பிக்கக் கூடாது. இந்தக் கணக்கு மாடு, ஆடு, குரங்குக்குச் செல்லாது.

கடிக்க வருகிற நாயை எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாத வெறிநோய்தான் ஏமாற்றும். தாடை தொங்கும், எச்சில் வழியும், தண்ணீர் விழுங்காது, மூலையில் படுத்துக்கிடக்கும். எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவார்கள். மாட்டிலும் இதேதான்: அடித்தொண்டையில் ஓயாமல் கத்தும், நுரை தள்ளும், வைக்கோல் அடைத்துக்கொண்டது என்று தொண்டையில் கை போடுவார்கள். மாட்டுப் பொங்கலன்று பேரன் கையால் பொங்கல் ஊட்ட ஆசைப்படுவான். நல்ல மாட்டுக்கு ஊட்டட்டும், அப்புறம் கையைக் கழுவிவிடு. எச்சில் வழிய நிற்கிற மாட்டை அவன் நெருங்க வேண்டாம், மாப்பிள்ளையும் நெருங்க வேண்டாம். ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளலாம்.

பாலைக் காய்ச்சித்தான் கொடு. பச்சைப்பால் பூனைக்கும் வேண்டாம். 2024-ல் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் பிடித்த பசுக்களின் பச்சைப்பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்திருக்கின்றன. அறுவடை வயலில் மேய்கிற வாத்து செத்துக் கிடந்தால் நாய் கவ்வாமல் பார்த்துக்கொள். உதட்டில் கொப்புளம் உள்ள ஆட்டுக்குட்டியைப் பேரன் தூக்க வேண்டாம், அது விரலில் புண்ணாக வரும். சில வாரத்தில் தானே ஆறிவிடும், பயமில்லை.

குட்டியின் அட்டையை மறக்காமல் எடுத்து வா. ரேபிஸ் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா