நாளுக்கு இரண்டு நிலவறை போதும்

ஆசிரியருக்கு,

நண்பர்கள் சேர்ந்து பிரான்சின் பர்கண்டிக்கு ஒயின் சுவைக்கப் போவது பற்றிய உங்கள் சுற்றுலாப் பக்கக் கட்டுரை, கார் எடுத்தால் நாளுக்கு ஐந்து நிலவறைகள் (ஒயின் தயாரிப்பவர்கள் அதைச் சேமித்து, வருபவர்களுக்குச் சுவைக்கத் தரும் இடங்கள்) பார்த்துவிடலாம் என்கிறது. கணக்கு உதைக்கிறது.

ஒரு நிலவறையில் ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 40 மி.லி. என்று வையுங்கள். அத்தனையும் விழுங்கினால் 240 மி.லி. ஐந்து இடத்தில் 1,200 மி.லி.; ஒன்றரை பாட்டிலுக்கும் மேல். அங்கே ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் சேர்ந்தாலே குற்றம். புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2. முதல் நிலவறையிலேயே பலர் அந்த எல்லைக்கு வந்துவிடுவார்கள். நாக்கும் மூன்றாவது இடத்தில் மரத்துப்போகும். பிறகு எந்த ஒயினும் ஒன்றுதான்.

எனவே துப்ப வேண்டும். நம்மவர்கள் கூசுவது இதற்குத்தான். ஆனால் அங்கே அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், ஒயின் தயாரிப்பவரே அதில்தான் துப்புவார். கோப்பையைக் காம்பில் பிடித்து, சுழற்றுவதற்கு முன் ஒருமுறையும் சுழற்றிய பின் ஒருமுறையும் முகருங்கள். சிறு மடக்கு எடுத்து, வாய்க்குள் கொஞ்சம் காற்றை இழுத்து, நாக்கு முழுதும் பரவவிட்டுத் துப்புங்கள். மீதியைப் பாத்திரத்தில் கொட்டினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அன்று வாசனைத் திரவியமும் புதினா மிட்டாயும் வேண்டாம்; உங்கள் மூக்கோடு பக்கத்தில் நிற்பவர் மூக்கையும் கெடுக்கும்.

பர்கண்டியில் பல இடங்களில் சிவப்பை முதலில் தந்துவிட்டுத்தான் வெள்ளையை ஊற்றுவார்கள். தவறு என்று எண்ண வேண்டாம். அங்கத்திய வெள்ளையான ஷார்டொனேயின் புளிப்பு வாயில் நிற்கும்போது சிவப்பான பினோ நுவாரைச் சுவைத்தால் அதன் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும்.

காருக்கு அவசியமே இல்லை. பாரிஸ் லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் திஜோனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இருபது நிமிடம் போனால் போன் நகரம் (பெயர்தான் அப்படி, தொலைபேசி அல்ல). அங்கே வாடகை சைக்கிள் எடுத்தால் பொமார், வோல்னே, மெர்சோ வழியாகச் சாந்தனே வரை திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடே சுமார் 20 கி.மீ. பாதை இருக்கிறது. போதையில் சைக்கிள் ஓட்டினாலும் காவலர் விடமாட்டார்; அதற்கும் சேர்த்துத்தான் துப்பச் சொல்வது.

பெரும்பாலானவை குடும்பமாக நடத்தும் சிறு நிலவறைகள். எத்தனை பேர், எந்த மொழி என்று சில வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சலில் எழுதுங்கள். ஆகஸ்டில் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள், செப்டம்பரில் அறுவடை. மே, ஜூன் நல்லது. காலை பத்தரைக்கு ஒன்று, மாலை மூன்றுக்கு ஒன்று. நடுவே 12 முதல் 2 வரை ஊரே சாப்பிடப் போய்விடும். கோடையிலும் நிலவறைக்குள் குளிரும், மேல்சட்டை தேவை. கட்டணம் வாங்காமல் ஊற்றினால் ஒரு பாட்டிலாவது வாங்குவதே மரியாதை.

இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரலாம் என்பது 2 லிட்டர். 750 மி.லி. பாட்டில் இரண்டு அடங்கும், மூன்றாவதற்கு வரி. கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வைக்க வேண்டும். ஆறு பேர் போனால், ஆறு பாட்டில் கொண்ட அட்டைப்பெட்டி இரண்டு வாங்கி ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

– ஒரு வாசகர், புதுச்சேரி